வாத்துக்குப் புழு போட்டா தீவனத்தை நிறுத்திடலாமா?

கேள்வி (ஜனவரி 8): வாத்து 20 இருக்கு, எல்லாம் முட்டை வாத்து. கருப்பு சிப்பாய் ஈ புழுவுல, அதான் பிஎஸ்எஃப் புழு, 42 சதவீதம் புரதம்னு போட்டிருக்கான். நான் வாங்கற தீவன மூட்டையில 17 தான் போட்டிருக்கு. அப்போ பாதி புழு பாதி தவிடுன்னு கலந்து போட்டா மூட்டையே வாங்க வேண்டாம்தானே? யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

ஜனவரி 9

செஞ்சு பாத்திருக்கேன், அதுவும் அச்சு அசலா இதே கணக்கைப் போட்டுத்தான். வேண்டாம்.

அந்த 42 காஞ்ச புழுவுக்கு உள்ள கணக்கு. நீங்க தொட்டியிலேருந்து அள்ளிப் போடப்போறது ஈரப் புழு, அதுல நூறு கிராமுக்கு 65 – 70 கிராம் வெறும் தண்ணி, மிச்சம் இருக்கற முப்பது சொச்சத்துல 42 சதவீதம்னா 13 – 14 கிராம் புரதம் வரும், அவ்ளோதான். முட்டை போடற வாத்து ஒரு நாளைக்கு 150 – 170 கிராம் காஞ்ச தீவனம் தின்னும், 17 சதவீதம்னா 27 கிராம் கிட்ட புரதம் உள்ள போவுது. அதை ஈரப் புழுவுலயே குடுக்கணும்னா தலைக்கு 200 கிராம், 20 வாத்துக்கு தினம் 4 கிலோ. என் தொட்டியில ஒரு கிலோ புழு எடுக்க அஞ்சாறு கிலோ ஈரக் கழிவு போவுது. தினமும் இருபது கிலோ காய்கறிக் கழிவுக்கு எங்க போவீங்க?

நான் அப்போ 14 வாத்து வெச்சிருந்தேன். தலைக்கு 75 கிராம் புழு, 75 கிராம் தவிடு. பாக்க தட்டு நெறைய இருந்துச்சு, வாத்தும் ஆவலா தின்னுச்சு, நமக்கும் சந்தோஷம். 11 முட்டை வந்துட்டிருந்தது மூணு வாரத்துல 4க்கு வந்து நின்னுச்சு. ஒரு நாள் ஒரு வாத்தைத் தூக்கிப் பாத்தா நெஞ்செலும்பு கைய குத்துது. அப்பத்தான் உக்காந்து கணக்குப் போட்டேன்.

ஒரு நல்லது நடந்துச்சு, புழு போட ஆரம்பிச்சதுலேருந்து வந்த முட்டைக்கு ஓடு கெட்டி. புழுவுலயே சுண்ணாம்புச் சத்து ஏகப்பட்டது இருக்கு, அதனால கிளிஞ்சல் தூள் வெக்கறதையே நிறுத்திட்டேன், நீங்களும் நிறுத்திக்கலாம்.

ஜனவரி 10

75 கிராம் புழு, 75 கிராம் தவிடு ரெண்டும் சேத்தா புரதம் 27க்கு 20 வந்தாச்சே, முட்டை அவ்ளோ ஏன் குறையணும்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி, எனக்கும் அன்னைக்கு இது உறைக்கல. புரதத்தை மட்டும் எண்ணினா பொய்க்கணக்கு. 75 கிராம் ஈரப் புழுவுல காஞ்ச சரக்கு 25 கிராம் கூட தேறாது, தவிடோட சேத்து 95க்குள்ளதான் நிக்கும். 160 தின்ன வேண்டிய வாத்து 95 தின்னா அது பட்டினி, வயிறு ரொம்பின பட்டினி. புழுவுல கொழுப்பு நல்லாவே இருக்கு, ஆனா இந்த ஓட்டையை அடைக்கற அளவுக்கு இல்ல. மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம், முட்டைக்கும் இறகுக்கும் ரொம்ப வேணும், அது புழுப் புரதத்துல கொஞ்சம் இளைப்பு. அதனால "புரதம் எவ்ளோ"ன்னு கேக்கறதோட நிக்காம "எந்தப் புரதம்"னும் கேக்கணும்.

இப்ப நான் செய்யறது: தீவனம் முழுசா போடறேன். சாயங்காலம் தலைக்கு ஒரு கை, 25 – 30 கிராம் ஈரப் புழு, மேல்வருமானம் மாதிரி. அதுக்காக தீவனத்துல ஒரு பத்து கிராம் குறைச்சுப்பேன். மிச்சப்படறது அந்தப் பத்து கிராம்தான். இதுல பணக்காரன் ஆக முடியாது.

ஜனவரி 13

எந்தப் புழுன்னு சொல்லாம விட்டுட்டேன், அதான் முக்கியம்.

வெள்ளையா நெளியறதெல்லாம் ஒண்ணு இல்ல. வீட்டு ஈ புழு ஒரு பக்கம் கூம்பி, இன்னொரு பக்கம் மொட்டையா, சின்னதா இருக்கும். பிஎஸ்எஃப் புழு தட்டையா, கண்டம் கண்டமா, தோல் கெட்டியா, வளந்தா 2 செ.மீ.க்கு மேல போகும், கடைசியில சாப்பாட்டை நிறுத்திட்டு கறுத்துடும். அதோட ஈயைப் பாத்தா குளவின்னு நெனச்சு ஓடிடுவீங்க. நானும் ஓடினேன். குளவிக்கு நாலு இறக்கை, இதுக்கு ரெண்டுதான், கொடுக்கு கிடையாது, காலு நுனி வெள்ளையா சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், வயித்துல ஆரம்பத்துல கண்ணாடி வெச்ச மாதிரி ரெண்டு சன்னல் தெரியும். சாப்பாட்டைத் தேடி நம்ம தட்டுல வந்து உக்காராது, அதோட வாழ்க்கையே ஒரு வாரம் பத்து நாள், புழுவா இருந்தப்போ சேத்த கொழுப்புல ஓட்டிடும், தண்ணி மட்டும் வேணும்.

பிஎஸ்எஃப் பத்தி தெரியறதுக்கு முன்னாடி நான் வேற ஒண்ணு செஞ்சேன். அடியில ஓட்டை போட்ட வாளியில மீன் குடலு, கோழித் தலையெல்லாம் போட்டு வாத்துக் கொட்டாய்ல தொங்கவிடறது. ஈ வந்து முட்டை வெச்சு புழு கீழ சொட்டு சொட்டா விழும், வாத்து கீழ வாய வெச்சுட்டு நிக்கும். செலவே இல்ல, கண்டுபிடிச்சவனுக்கு சிலை வெக்கலாம்னு நெனச்சேன்.

நாலாவது நாள் ஒரு வாத்து எந்திரிக்கல. காலு இழுத்துக்கிச்சு, அப்பறம் இறக்கை தொங்கிச்சு, அடுத்த நாள் காலையில கழுத்த தூக்க முடியாம தண்ணித் தொட்டியில மூஞ்சி குப்புற கெடந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் இன்னொண்ணு. கால்நடை டாக்டர் கழுத்தைப் பாத்துட்டு மொத கேட்ட கேள்வியே "செத்த சரக்கு எதாச்சும் தின்னுச்சா"ன்னுதான். போட்டுலிசம். கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா காத்து படாத அழுகின சதையில நஞ்சு வெக்கும். புழுவ அந்த நஞ்சு ஒண்ணும் பண்ணாது, உடம்புல சேத்து வெச்சுக்கும். வாத்து புழுவத் தின்னா வாத்து விழும். விழுந்த வாத்தை நாம எடுக்காம விட்டா அதுலயும் புழு வெக்கும், அதை மிச்ச வாத்து தின்னும், இது சங்கிலி. ஏரி குளத்துல காட்டு வாத்து கொத்துக் கொத்தா சாகறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

வாளிய அன்னைக்கே குழி வெட்டிப் பொதைச்சேன். ரெண்டு வாத்து போச்சு, மூணாவது பொழச்சுது, நெழல்ல வெச்சு கழுத்துக்குத் துணி சுருட்டி முட்டுக் குடுத்து ரெண்டு நாள் சொட்டு சொட்டா தண்ணி குடுத்தேன்.

ஜனவரி 14

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சா வீட்டு ஈ புழு விஷம், பிஎஸ்எஃப் அமிர்தம்ங்கற மாதிரி தொனிக்குது. அப்படி இல்ல. பிஎஸ்எஃப் தொட்டியில ஒரு செத்த எலி விழுந்து அழுகினாலும் அதே ஆபத்துதான். புழு எதைத் தின்னு வளந்துச்சுங்கறதுதான் விஷயம், அது எந்த ஈயோட புள்ளைங்கறது ரெண்டாம்பட்சம். என் தொட்டியில இறைச்சி, மீன், செத்தது எதுவும் கிடையாது.

ஜனவரி 16

"உயிரோட போட்டா வாத்து வயித்தைக் கடிச்சுட்டு வெளிய வந்துடாதா?"

வராது. வாத்துக்கு அரவைப்பைன்னு ஒண்ணு இருக்கு, கல்லோட சேத்து அரைச்சு மாவாக்கிடும். தரையிலயே கட்டிப்போட்டு வளக்கறீங்கன்னா சின்னக் கல்லு, பருமணல் வெச்சுடுங்க, புழுத் தோல் கெட்டி, அதுல இருக்கற கைட்டின் சீக்கிரம் செரிக்காது. தண்ணி பக்கத்துல இருக்கணும், வாத்து ஒரு வாய் தின்னு ஒரு வாய் அலசும். ஆனா புழுவைத் தண்ணிக்குள்ள கொட்டாதீங்க. வேடிக்கையா இருக்கும்னு நான் ஒருநா கொட்டினேன், மேல இருந்ததைத் தின்னுச்சு, அடியில போனது மூணு நாள்ல நாறுச்சு.

ஜனவரி 21

தொட்டி எப்படின்னு நாலு பேர் கேட்டாச்சு.

பெரிய பிளாஸ்டிக் ட்ரம், படுக்க வெச்சது. உள்ள காய்கறித் தோல், பழம், ஊற வெச்ச தவிடு. ஈரம் முக்கியம், கையில எடுத்துப் பிழிஞ்சா ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. 27 – 30 டிகிரி சூடு அதுக்குப் பிடிச்சது, ஆனா ஆயிரக்கணக்குல கூட்டமா நெளியும்போது அதுங்களே சூடு பண்ணிக்கும், வெயில் காலத்துல ட்ரம்முல கைய விட்டா சுடும், அப்போ நெழலுக்கு மாத்தணும், இல்லன்னா கும்பலா வெளிநடப்பு. முட்டையிலேருந்து நாலு நாள்ல பொரியும், ரெண்டு மூணு வாரம் ராப்பகலா தின்னும், அப்பறம் கறுத்து சாப்பாட்டை நிறுத்தி காஞ்ச இருட்டான எடம் தேடி ஏற ஆரம்பிக்கும். அந்த ஏறற புத்திய வெச்சுத்தான் அறுவடை. 35 – 40 டிகிரி சாய்வுல ஒரு பலகை, மேல முடியற எடத்துல கீழ ஒரு வாளி, அதுங்களே நடந்து வந்து விழும். கூலி இல்லாத ஆளுங்க.

பலகை காஞ்சு இருக்கறவரைக்கும்தான் இந்த ஒழுங்கு. செவுரு ஈரமா இருந்தா புழு நட்டக்குத்தலா ஏறும். ஒரு மழை ராத்திரி ட்ரம் மூடிய சரியா போடல, காலையில கதவத் தெறந்தா வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் ஊர்வலம். செருப்புக்குள்ள இருந்துச்சு, மிதியடிக்கு அடியில இருந்துச்சு, மிக்ஸிக்கு அடியில ஒண்ணு கூட்டுப்புழுவாகி ரெண்டு வாரம் கழிச்சு ஈயா பறந்து வந்துச்சு. வீட்ல அன்னைக்கு என்கிட்ட பேசல, அது ரெண்டு நாள் நீடிச்சுது.

நாத்தம் வந்தா அது புழுவோட தப்பு இல்ல, நீங்க அது தின்னறதுக்கு மேல போடறீங்கன்னு அர்த்தம். அடியில தண்ணி தேங்கினாலும் நாறும், வடிய ஓட்டை போடுங்க. நல்லா ஓடற தொட்டி மண்வாசனை மாதிரி ஒரு மாதிரியா இருக்கும், மோசம்னு சொல்ல முடியாது. அதுல வீட்டு ஈ முட்டை வெக்கறதும் குறைஞ்சுடும்.

ஜனவரி 22

ஆமா, மிக்ஸிய கழுவிட்டோம். கேட்டவருக்கு நன்றி.

பிப்ரவரி 2

புழு தீந்துபோச்சு. எப்படின்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது.

வாளிய தூக்கிட்டுப் போய் கொட்டறது எதுக்கு, பலகையோட முனைய நேரா வாத்துக் கொட்டாய் பக்கம் திருப்பி வெச்சா கறுத்த புழு நேரா வாத்து வாயிலயே விழுமேன்னு ஒரு புத்திசாலித்தனம். கறுத்த புழு பெரும்பாலும் இருட்டினப்பறம்தான் ஏறும். ஒரே வாரத்துல வாத்தெல்லாம் இதைப் படிச்சுக்கிச்சு, பொழுது சாஞ்சா பலகைக்குக் கீழ வரிசை கட்டி நிக்கும், நடுராத்திரி டப்பு டப்புன்னு சத்தம், ஒரு கெழட்டு வாத்து அங்கயே படுத்துத் தூங்கும்.

ரெண்டு மாசம் ராஜவாழ்க்கை. அப்பறம் ட்ரம்முல புதுப்புழு காணல. ஏன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன், அப்பத்தான் உறைச்சுது, அந்தக் கறுத்த புழுதான் கூட்டுப்புழுவாகி, ஈயாகி, அடுத்த முட்டைய வெக்கணும். ஒண்ணு விடாம வாத்து தின்னுடுச்சு. விதை நெல்லைக் குத்தித் தின்ன கதை.

ஒரு பொட்டை ஈ 500 முட்டை வரைக்கும் வெக்கும், அதனால பத்துல ரெண்டு கறுத்த புழு ஒதுக்கி வெச்சாலே தாராளம். காஞ்ச மரத்தூள்ல இருட்டா விட்டுடுங்க, ரெண்டு வாரத்துல ஈ வரும். அது இணை சேர நேரடி வெளிச்சம் வேணும், கொட்டாய்க்குள்ள பல்பு போட்டா நான் பாத்தவரைக்கும் சோம்பேறித்தனமா உக்காந்திருக்கும், வெயில்ல வலை கட்டினா வேலை நடக்கும். முட்டைய கழிவுக்குள்ள வெக்காது, கழிவுக்கு மேல காஞ்ச இடுக்குல வெக்கும். அட்டைப்பெட்டிய வெட்டி அந்த நெளிவு ஓட்டை தெரியற மாதிரி தொட்டி மேல வெச்சா அதுக்குள்ள வந்து வெக்கும்.

இப்ப வாத்துக்குப் போறது கறுக்காத வெள்ளைப் புழு, நானே சல்லடையில சலிச்சு எடுக்கறது. தோலும் மெதுவா இருக்கு.

பிப்ரவரி 5

குஞ்சுக்குப் போடலாமான்னு கேட்டா, நான் பட்டதைச் சொல்றேன். 9 குஞ்சு, எட்டாவது நாள்லேருந்து புழு போட்டேன், அதுங்க பைத்தியம் புடிச்ச மாதிரி தின்னுச்சு, நானும் அள்ளி அள்ளிப் போட்டேன், தின்னதுல பாதி புழுவாத்தான் இருக்கும். மூணாவது வாரம் பாத்தா ஏழு குஞ்சுக்கு காலு வில்லா வளைஞ்சு கணுக்கால் வீங்கி, உக்காந்து உக்காந்து நடக்குது.

காரணம் சுண்ணாம்புச் சத்துதான். வளர்ற குஞ்சுக்குத் தீவனத்துல 0.65 சதவீதம் போதும். காஞ்ச புழுவுல 5 – 8 சதவீதம் இருக்கு. தின்னதுல காஞ்ச கணக்குல கால்வாசி புழுன்னு வெச்சாலும் தேவைய விட மூணு மடங்கு உள்ள போயிருக்கும். சின்ன வயசுல இவ்ளோ போனா கிட்னிக்கும் ஆகாது. குஞ்சுக்குப் புழுவே வேண்டாம்.

பிப்ரவரி 8

மேல இருக்கறதுல பாதி தப்பு. அப்போ என்ன நடந்துச்சுன்னு டாக்டர் குடுத்த சீட்டைத் தேடி எடுத்துப் பாத்தேன், அதுல எழுதியிருக்கறது நியாசின் பத்தாக்குறை, நியாசின்ங்கறது ஒரு பி வைட்டமின். நானே மறந்துட்டு சுண்ணாம்பு மேல பழி போட்டுட்டேன்.

விஷயம் இதான். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் கோழிக் குஞ்சை விட அதிகமா வேணும், தீவனம் கிலோவுக்கு 55 மில்லிகிராம். கோழிக் குஞ்சுக்கு 35 போதும். வாத்து உடம்பு டிரிப்டோபான்ங்கற அமினோ அமிலத்தை நியாசினா மாத்தறதுல மந்தம், அதனால தீவனத்துலயே வந்தாகணும். நான் போட்டது கோழிக் குஞ்சுத் தீவனம். அதுலயே பத்தாக்குறை, அதுக்கு மேல புழுவப் போட்டு வயித்த ரொப்பினதால அந்தத் தீவனத்தையும் கம்மியா தின்னுச்சு. தண்ணியில நியாசின் கலந்து குடுத்தோம், தீவனத்துல ஈஸ்ட் தூவினோம், ஆறு குஞ்சு பத்து நாள்ல நேரா நடந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் காலு கோணலாவே நின்னுடுச்சு.

பிப்ரவரி 9

ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா, சுண்ணாம்பை முழுசா விடுதலை பண்ணவும் மனசு வரல. அந்த மூணு மடங்கு கணக்கு கணக்குதான். நியாசின் குடுத்த அன்னைக்கே புழுவையும் நிறுத்திட்டேன், அதனால எது சரி பண்ணுச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. இப்ப என் பழக்கம்: மொத ரெண்டு வாரம் புழு கிடையாது, வாத்துக் குஞ்சுக்குன்னு உள்ள தீவனம் இல்லன்னா கோழித் தீவனத்தோட ஈஸ்ட். மூணாவது வாரத்துலேருந்து குஞ்சுக்கு நாலஞ்சு புழு, கைக்குப் பழகறதுக்காக. அந்த அளவுல எந்தக் கேடும் பாக்கல. ஒண்ணு சொல்லணும், நாலஞ்சு புழு காட்டினா வாத்துக்குஞ்சு உங்க பின்னாடி எங்க வேணா வரும், கொட்டாய்ல அடைக்கறது ரெண்டு நிமிஷ வேலை.

பிப்ரவரி 17

ஜனவரி 9ல "கிளிஞ்சல் தூளை நிறுத்திக்கலாம்"னு எழுதினேன் பாருங்க, அதை அடிச்சுடுங்க. ஒருத்தர் அதை நம்பி நிறுத்திட்டு தோல் முட்டை வருதுன்னு எழுதியிருக்காரு. மன்னிக்கணும்.

ஒரு வாத்து முட்டை ஓட்டுல கிட்டத்தட்ட 2.5 – 3 கிராம் கால்சியம். ஒரு கை புழு, 30 கிராம் ஈரம்னா காஞ்சது பத்து கிராம், அதுல 0.5 – 0.8 கிராம். ஆறுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு. நான் நிறுத்தினப்போ தினம் 75 கிராம் போட்டுட்டிருந்தேன், கூடவே முட்டையும் குறைஞ்சுட்டே வந்துச்சு, வாரத்துக்கு ரெண்டு முட்டை போடற வாத்துக்கு ஓடு கெட்டியா வராம என்ன செய்யும்! அதையும் புழுவோட புண்ணியம்னு எழுதிட்டேன். தனி டப்பாவுல கிளிஞ்சல் தூள் எப்பவும் இருக்கட்டும், வேணுங்கறது எடுத்துக்கும். இன்னொண்ணு, புழுவோட சுண்ணாம்பு அது தின்னறதைப் பொறுத்தும் மாறும்.

பிப்ரவரி 18

மீல்வார்ம், அதான் ஒரு வண்டோட புழு, அதைப் போடலாமான்னா, போடலாம், வாத்துக்கு உயிர். ஆனா அதுல சுண்ணாம்பு இல்லன்னே சொல்லலாம், கொழுப்பு ஜாஸ்தி, காஞ்ச தவிடுல வளக்கணும், வளர மாசக்கணக்கா ஆவும். கழிவைத் தின்னு மூணு வாரத்துல வர்ற புழு இருக்கும்போது இதுக்கு எனக்குப் பொறுமை இல்ல.

மார்ச் 1

காயப்போடறது பத்தி. அதிகமா வந்தா கொதிக்கற தண்ணியில ஒரு நிமிஷம் முக்கி எடுத்து வெயில்ல காய வைக்கறேன். ஃப்ரீசர்ல வெச்சுக் கொன்னா எடுக்கும்போது கன்னங்கரேல்னு ஆயிடுது, கொதிதண்ணியில போட்டா வெளிர் நெறத்துல நிக்குது. நொறுங்கற மாதிரி காயணும், பாதிக் காய்ச்சல்ல டப்பாவுல அடைச்சா பூசணம், பூசணம் புடிச்ச தீவனம் வாத்துக்கு எமன், கோழி தாங்கற அளவு கூட வாத்து தாங்காது. கொழுப்பு ஜாஸ்திங்கறதால ரொம்ப நாள் வெச்சா காறல் வாசனை வரும்.

காஞ்ச புழுன்னு வரும்போதுதான் அந்த 42 உங்களுக்குக் கை குடுக்கும். அப்பவும் மொத்தத் தீவனத்துல பத்து சதவீதத்துக்கு மேல நான் போறதில்ல. இத்தாலில மஸ்கோவி வாத்துங்களுக்கு கொழுப்பு கொஞ்சம் எடுத்த புழு மாவை 9 சதவீதம் வரைக்கும் கலந்து பாத்தாங்க, வளர்ச்சியில கெடுதல் இல்ல. அது ஆலையில அரைச்சு, மத்த சத்தையெல்லாம் சமன் பண்ணிக் கலந்த தீவனம், நம்ம கைப்பிடிக் கணக்கு இல்ல.

மார்ச் 4

சாணி, கோழி எச்சம், ஓட்டல் கழிவு போட்டு வளக்கலாமான்னா, புழு நல்லாவே வளரும், அதுல சந்தேகமே இல்ல. வாத்துக்குப் போடணுமாங்கறதுதான் கேள்வி. சால்மொனெல்லாவ ஓரளவு கொறைக்கும், முழுசா ஒழிக்காது. கேட்மியம் மாதிரி உலோகம் கழிவுல இருந்தா புழு உடம்புல சேரும். 2021ல ஐரோப்பிய ஒன்றியம் கோழிக்கும் பன்னிக்கும் பூச்சிப் புரதம் போடலாம்னு விட்டப்பவும், அந்தப் பூச்சிக்கு சாணமோ சமையல் கழிவோ போடக் கூடாதுங்கற தடைய எடுக்கல. முட்டைய நாமளும் திங்கறோம், அதனால எனக்கு அது நியாயமா படுது. பூச்சி மருந்து அடிச்ச தோலும் வேண்டாம், அதுல ஒரே நாள்ல ட்ரம் மொத்தமும் செத்துக் கெடந்ததைப் பாத்திருக்கேன். ஈ வராம இருக்க தீவனத்துல சைரோமசின் கலந்து போட்ட கோழியோட எச்சத்துலயும் புழு தேறாது, அதைக் கொல்றதுதான் அந்த மருந்தோட வேலையே.

மார்ச் 11

மொத கேள்வி கேட்டவர் எழுதியிருக்காரு, ட்ரம் வெச்சாச்சாம், தீவனம் அப்படியே, சாயங்காலம் ஒரு கை. நல்லது. பலகைய கொட்டாய் பக்கம் திருப்பாதீங்க.

என் பலகைய எதிர்ச்செவுத்துப் பக்கம் மாத்தி ஒரு மாசம் ஆவுது, வாளிக்கு வலை போட்டு கட்டியும் வெச்சாச்சு. அந்தக் கெழட்டு வாத்து மட்டும் இன்னும் பழைய எடத்துலயே ராத்திரி படுக்குது, மேல பாத்துக்கிட்டே.